“சாவியைக் குடு மச்சான்!” இரவல் வண்டியால் மாட்டுவது யார்?

தூத்துக்குடி,

வண்டி வாங்குவது ஒருவர். ஓட்டுவது ஊரே!

தூத்துக்குடியில் வண்டி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வாசலில் ஒரு காரோ, வேனோ, கேம்பரோ நின்றுவிட்டால் போதும். பனிமயமாதா கோவில் திருவிழா, குலசை தசரா, திருச்செந்தூர் கந்தசஷ்டி, மணப்பாடு திருச்சிலுவை திருவிழா என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் வந்து நிற்கும்.

“மச்சான், வண்டி சும்மாதான நிக்கி? ரெண்டு நாளைக்கு சாவியைக் குடு. டீசல் நாங்க போட்டுக்கிடுதோம்.”

கேட்பவர் வெளி ஆள் இல்லை. மைத்துனர், பங்காளி, கூடப் படித்தவர், கடைக்குப் பக்கத்து கடைக்காரர். கொடுக்காவிட்டால், “பெரிய கப்பல் வச்சிருக்கான், தர மாட்டேங்கான்” என்று தெருவெல்லாம் பேச்சு. அதற்குப் பயந்தே பலர் சாவியை எடுத்து நீட்டி விடுகிறார்கள்.

இது கடலை நம்பிய ஊர். மீன்பாடு வந்தால் வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று கணக்காகப் பிரிப்பவர்கள் இங்குள்ளவர்கள். ஆனால் கரையில் வண்டிச் சாவி கை மாறும்போது மட்டும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை!

அப்படியே பார்த்தாலும், “கீறல் விழுமே, டயர் தேயுமே” என்ற அளவில்தான் கணக்கு நிற்கிறது. கீறலைப் பட்டறையில் விட்டால் சரி செய்து விடுவார்கள். சட்டம் போடும் கணக்கு வேறு. அந்தக் கணக்கில் வண்டிக்காரரும் மாட்டுவார். இரவல் வாங்கியவரின் குடும்பம் அதைவிடப் பெரிதாக மாட்டும்!

கொடுப்பது குற்றமா?

முதலில் நல்ல செய்தி. வண்டியை இரவல் கொடுப்பது குற்றம் இல்லை.

இங்கிலாந்து போன்ற நாடுகளில் இன்சூரன்சு பாலிசியில் யார் யார் ஓட்டலாம் என்று பெயர் எழுதுவது வழக்கம். பெயர் இல்லாதவரிடம் சாவியைக் கொடுத்தால் இன்சூரன்சு கிடைக்காமல் போகலாம். நம் நாட்டு பாலிசிகள் அப்படி இல்லை. செல்லத்தக்க லைசென்சு வைத்திருக்கும் யாரும், வண்டிக்காரர் சம்மதத்தோடு ஓட்டலாம் என்பதுதான் பொதுவான ஷரத்து.

“மினி லோடு வண்டி ஓட்ட பேட்ஜ் வேண்டுமே?” என்ற சந்தேகமும் பலருக்கு உண்டு. அதற்கும் விடை கிடைத்து விட்டது. 7 ஆயிரத்து 500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை, சாதாரண கார் லைசென்சு (எல்.எம்.வி.) உள்ளவரே ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் 2024-ம் ஆண்டு நவம்பர் மாதம் தீர்ப்பு சொன்னது.

அப்படியானால் வம்பு எங்கே வருகிறது?

கேம்பர் சமாசாரம்

வெளிநாட்டில் “கேம்பர்” என்றால் படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்த வீட்டு வண்டி. குடும்பத்தோடு ஊர் சுற்றப் போவார்கள். நம்ம ஊரில் கேம்பர் என்றால் பொலிரோ கேம்பர்தான். முன்னால் இரண்டு வரிசை சீட்டு, பின்னால் திறந்த தொட்டி. மீன் கூடை, ஐஸ் பெட்டி, வலை, சிமெண்டு மூட்டை எல்லாம் ஏறும். பெரும்பாலும் சரக்கு வண்டியாகத்தான் பதிவாகும்.

கேட்டு வருபவர் கண்ணுக்கு அது சரக்கு வண்டியாகத் தெரிவதில்லை. “முன்னால அஞ்சு பேரு, பின்னால பதினஞ்சு பேரு. குலசைக்கு ஒரே நடையில போயிரலாம்” என்று கணக்குப் போடுகிறார்.

பின்னால் ஏறும் அந்த 15 பேருக்கும் இன்சூரன்சு கிடையாது!

சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவர்களுக்கு இன்சூரன்சு கம்பெனி நஷ்டஈடு கொடுக்க வேண்டியது இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டின் 3 நீதிபதிகள் 2002-ம் ஆண்டு டிசம்பர் மாதம் தீர்ப்புக் கூறினார்கள். 1994-ம் ஆண்டு சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சரக்குக்கு உரியவர் அல்லது அவருடைய பிரதிநிதி கூடப் போனால் மட்டும் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. சாமி கும்பிடப் போகிறவர் சரக்குக்கு உரியவர் ஆக மாட்டார்.

சரி, வண்டி கவிழ்ந்து விட்டது. நஷ்டஈடு கேட்டு வழக்கு வருகிறது. இன்சூரன்சு கம்பெனி கையை விரிக்கிறது. அப்போது பணம் கட்ட வேண்டியவர்கள் இரண்டே பேர். ஓட்டியவர் ஒருவர், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவர் இன்னொருவர்.

கட்டாவிட்டால்? விபத்து நஷ்டஈட்டு கோர்ட்டு, கலெக்டருக்கு சர்டிபிகேட் அனுப்பும். நிலவரி பாக்கியை வசூலிப்பது போல சொத்தில் இருந்து வசூலிக்கலாம். தசராவுக்குப் போன வண்டிக்காக வீட்டு வாசலில் ஜப்தி நோட்டீசு!

இது போக, சரக்கு வண்டியில் ஆள் ஏற்றியதற்காக ஓட்டியவரின் லைசென்சை ஆர்.டி.ஓ. ஆபீசில் நிறுத்தி வைக்கவும் விதி உண்டு.

செத்தவர் குடும்பம் அம்போ!

இப்போது இரவல் வாங்கியவரின் கதைக்கு வருவோம். இது பலருக்குத் தெரியாத சமாசாரம்.

கர்நாடகத்தில் சேலைக்குப் பெயர் போன ஊர் இல்கல். அங்கிருந்து சொந்த ஊருக்குப் போக, ஒருவர் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிப் போனார். முன்னால் இரும்புத் தகடு ஏற்றிய மாட்டு வண்டி போய்க்கொண்டு இருந்தது. அது திடீரென்று நின்றது. பின்னால் வந்தவர் அதில் மோதினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

மோட்டார் சைக்கிளுக்கு இன்சூரன்சு இருந்தது. “யார் மேல் தப்பு என்று பார்க்காமலே நஷ்டஈடு” தரும் அப்போதைய 163-ஏ பிரிவில் அவரது குடும்பம் வழக்குப் போட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது.

2009-ம் ஆண்டு மே மாதம் தீர்ப்பு வந்தது. “வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறவர் வண்டிக்காரர் இடத்தில் நிற்கிறார். நஷ்டஈடு கொடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவர், அதை வாங்கும் இடத்திலும் இருக்க முடியாது. ஆகவே இந்தப் பிரிவில் பணம் கிடையாது” என்பது அதன் சாரம். வேறு பிரிவில் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கும்படி ஐகோர்ட்டுக்கு வழக்கு திரும்பிப் போனது.

2020-ம் ஆண்டு ஜனவரி மாதம் அதே போல இன்னொரு தீர்ப்பு. இது ராஜஸ்தான் வழக்கு. இரவல் மோட்டார் சைக்கிளில் போனவர் மீது எதிரே இன்னொரு மோட்டார் சைக்கிள் மோதியது. அவர் இறந்தார். குடும்பத்தார், தாங்கள் இரவல் வாங்கிய வண்டியின் இன்சூரன்சு கம்பெனி மீது மட்டும் வழக்குப் போட்டார்கள். எதிர் வண்டி மீது போடவில்லை. கடைசியில் பாலிசியில் எழுதி இருந்தபடி ஒரு லட்சம் ரூபாயும் வட்டியும்தான் கைக்கு வந்தது.

அந்த 163-ஏ பிரிவு 2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் சட்டத்தில் இல்லை. அதற்குப் பதில் புதுப் பிரிவு வந்துள்ளது. பழைய பிரிவு பற்றிய இந்தக் கேள்வியைப் பெரிய பெஞ்ச் விசாரிக்க வேண்டும் என்று 2025-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டின் இரு நீதிபதிகள் அனுப்பி வைத்தார்கள். ஆனால் பெரிய பெஞ்ச் என்ன சொல்லப் போகிறதோ என்பதை நம்பி யார் சாவி கொடுப்பது?

“15 லட்சம் ரூபாய் விபத்து இன்சூரன்சு இருக்கிறதே?” என்று கேட்கலாம். 2018-ம் ஆண்டில் இருந்து கட்டாயமான அந்த இன்சூரன்சு, வண்டிச் சொந்தக்காரர் தானே ஓட்டும்போது அவருக்கு நேரும் விபத்துக்கானது. மைத்துனர் ஓட்டும்போது அவருக்கும் அது கிடைத்துவிடும் என்று எண்ணி இருப்பது, இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதைதான்.

ஆக, நட்புக்காகச் சாவி கொடுத்தார் வண்டிக்காரர். நன்றியோடு வாங்கிப் போனார் நண்பர். விபத்து என்று ஒன்று வந்துவிட்டால், நண்பரின் மனைவி, மக்களுக்குத்தான் பெரிய அடி. “இல்லை” என்று சொல்வது கஞ்சத்தனம் என்று நினைப்பவர்கள் இதை ஒரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

லைசென்சைப் பார்த்தீர்களா?

விபத்தில் சாலையில் போன மூன்றாம் ஆள் சிக்கினால், அவருக்கு இன்சூரன்சு கம்பெனி பணம் கொடுக்கும். ஆனால் ஓட்டியவருக்கு லைசென்சு இல்லை என்று தெரிந்தால், கோர்ட்டு உத்தரவின்படி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அதை வண்டிக்காரரிடம் கேட்டு வரும்.

2004-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பில் வண்டிக்காரருக்கு ஒரு வழியும் சொல்லப்பட்டு இருக்கிறது. லைசென்சு இல்லாதது மட்டும் போதாது. வண்டிக்காரர் அசட்டையாக இருந்தார் என்பதையும் கம்பெனி நிரூபிக்க வேண்டும். அதாவது, சாவி கொடுக்குமுன் லைசென்சைக் கேட்டுப் பார்த்தவருக்கு ஒரு பிடி இருக்கிறது. “நம்ம பயதான, என்னத்தக் கேக்க?” என்று விட்டவருக்கு அந்தப் பிடியும் இல்லை.

லைசென்சு இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால் 3 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இன்சூரன்சு இல்லாத வண்டியை ஓட்டக் கொடுத்தாலும் 3 மாதம் வரை ஜெயில், அல்லது 2 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

18 வயது ஆகாத பையன் கையில் சாவி போனால் கதையே வேறு. 2019-ம் ஆண்டு திருத்தச் சட்டப்படி வண்டிக்காரருக்கோ, பெற்றோருக்கோ 3 ஆண்டு வரை ஜெயில், 25 ஆயிரம் ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்சு கிடைக்காது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க முடிந்ததை எல்லாம் செய்தேன் என்றோ நிரூபித்தால்தான் தப்பலாம்.

“அக்கா மகன், பெரிய பையன், நல்லா ஓட்டுவான்” என்பது எல்லாம் கோர்ட்டில் எடுபடாது!

ராத்திரி போன வண்டி

இந்தக் கடற்கரைக்கு என்று தனியாக ஓர் ஆபத்து உண்டு.

தூத்துக்குடி முதல் வேம்பார் வரையும், தெற்கே குலசேகரன்பட்டினம் பக்கமும், இலங்கைக்குக் கடத்த வைத்திருந்த பீடி இலை, மஞ்சள், கடல் அட்டை பிடிபட்ட செய்திகள் இந்தப் பக்க மக்களுக்குப் பழகிப் போனவை. சரக்கோடு சேர்ந்து பிடிபடுவது அதை ஏற்றி வந்த லோடு வண்டி. அது பல நேரம் அடுத்தவர் வண்டி!

சுங்கச் சட்டப்படி, கடத்தலுக்குப் பயன்பட்ட வண்டியைப் பறிமுதல் செய்யலாம். தனக்கும், தன் ஆளுக்கும், வண்டியை வைத்திருந்தவருக்கும் தெரியாமல் நடந்தது என்று சொந்தக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். இரவல் வாங்கியவரே கடத்தினார் என்றால், “வண்டியை வைத்திருந்தவருக்குத் தெரியாது” என்று எப்படிச் சொல்வது?

கஞ்சா போன்ற போதைப்பொருள் வழக்கிலும், தனக்குத் தெரியாது என்பதோடு, தக்க முன்ஜாக்கிரதை எடுத்ததையும் சொந்தக்காரர் காட்ட வேண்டும். கடல் அட்டையோ 2001-ம் ஆண்டில் இருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. அதை ஏற்றிய வண்டி அரசாங்கத்துக்கே போகும் ஆபத்து இருக்கிறது.

வழக்கு முடியும் வரை வண்டி போலீஸ் நிலைய வளாகத்தில் வெயிலிலும் உப்புக் காற்றிலும் கிடக்கும். தூத்துக்குடி உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியது இல்லை. கடன் வாங்கி எடுத்த வண்டி என்றால், வண்டி இல்லாமலே மாதத் தவணை கட்ட வேண்டும்.

“ராத்திரி ஒரு நடை மட்டும். காலையில சாவி வீட்டுல இருக்கும்” என்று யாராவது கேட்டால், எங்கே, என்ன சரக்கு என்று கேட்கக் கூச்சப்படக் கூடாது. பதிலில் தடுமாற்றம் இருந்தால் சாவி சட்டைப்பையை விட்டு வெளியே வரக் கூடாது.

விற்ற வண்டியும் இரவல்தான்!

வண்டியை விற்றாகி விட்டது, பணமும் வாங்கியாகி விட்டது, ஆனால் ஆர்.சி. பெயர் மாற்றவில்லை. இப்படி எத்தனையோ வண்டிகள் ஓடுகின்றன. சட்டத்தின் கண்ணில் அந்த வண்டியும் இரவல் கொடுத்த வண்டிதான்.

வடநாட்டில் ஒரு கார் பல கை மாறியது. ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆளின் பெயரே இருந்தது. 2009-ம் ஆண்டு அந்தக் கார் 2 பேர் மீது மோதி, ஒருவர் இறந்தார். “நான் எப்போதோ விற்றுவிட்டேன்” என்றார் முதல் ஆள். 2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது இதுதான்: ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே சொந்தக்காரர். நஷ்டஈடு அவர் பொறுப்பு.

தம்பிக்குச் சும்மா கொடுத்த பழைய பைக்குக்கும் இது பொருந்தும். ஆர்.டி.ஓ. ஆபீசில் பெயர் மாற்ற ஆகும் செலவு, கோர்ட்டு வாசல் மிதிக்க ஆகும் செலவில் தூசுக்குச் சமம்.

கொடுப்பதானால்…

அதற்காக யாருக்குமே கொடுக்காமல் இருக்க முடியுமா? ராத்திரி 2 மணிக்குப் பிரசவ வலி என்று பக்கத்து வீட்டார் கதவைத் தட்டினால் சட்டப் புத்தகத்தையா புரட்டுவது? கொடுக்கத்தான் வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது போல, பார்த்துக் கொடுக்க வேண்டும்.

* ஓட்டப் போவது யார் என்று கேளுங்கள். கேட்டு வருபவர் ஒருவர், ஓட்டுபவர் வேறொருவராக இருப்பதுதான் பாதி வம்புக்குக் காரணம்.

* ஓட்டுபவரின் லைசென்சை வாங்கிப் பாருங்கள். தேதி முடிந்து இருக்கிறதா, எந்த வகை வண்டிக்கு உள்ளது என்று பாருங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு “பார்த்துத்தான் கொடுத்தேன்” என்று காட்ட அதுவே சாட்சி.

* உங்கள் இன்சூரன்சு, சரக்கு வண்டியானால் எப்.சி., புகைச் சான்று எல்லாம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

* எங்கே போகிறார்கள், எத்தனை பேர், எப்போது திரும்புவார்கள் என்பதை வாட்ஸ்-அப்பில் ஒரு வரி வாங்கிக் கொள்ளுங்கள்.

* சரக்கு வண்டியின் தொட்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

* சொந்த போர்டு வண்டிக்கு வாடகை வாங்காதீர்கள். வாடகைக்கு ஓட்டினால் பாலிசியின் ஷரத்தை மீறியதாகும். “டீசல் போக ஆயிரம் ரூபாய் வைத்துக்கொள்” என்பது ஆசை வார்த்தை. பின்னால் இன்சூரன்சு கம்பெனி வக்கீல் கையில் அது ஆயுதம்.

* அடுத்தவர் ஓட்டி இடித்தாலும் கிளெய்ம் உங்கள் பாலிசியில்தான் விழும். பல ஆண்டு கிளெய்ம் இல்லாமல் சேர்த்த தள்ளுபடி, 50 சதவீதம் வரை இருந்தாலும், போய்விடும். அதை யார் ஈடுகட்டுவது என்று முன்கூட்டியே பேசுங்கள்.

அடிக்கடி இரவல் போகிற வண்டி என்றால், கூடுதல் பிரிமியம் கட்டி, ஏறிப் போகிறவர்களுக்கும் ஓட்டுகிறவருக்கும் தனி விபத்து இன்சூரன்சு சேர்க்க முடியுமா என்று ஏஜெண்டிடம் கேட்பது நல்லது.

விபத்தே நடந்து விட்டால், பலரும் செய்யும் தப்பு ஆள் மாற்றுவது. லைசென்சு இல்லாதவர் ஓட்டி இருப்பார். லைசென்சு உள்ள சித்தப்பாவை ஸ்டேஷனில் நிறுத்துவார்கள். இப்போது கேமரா இல்லாத முக்கு எது? ஆள் மாற்றியது வெளியே வந்தால் இன்சூரன்சும் போகும், பொய் சொன்னதற்குத் தனி வழக்கும் வரும். ஓட்டியது யார் என்று போலீசார் கேட்டால் சொல்ல வேண்டியது வண்டிக்காரரின் சட்டக் கடமை.

முறிக்காமல் மறுக்க

கொடுக்க மனம் இல்லை. உறவும் கெடக் கூடாது. என்ன செய்வது?

இந்தப் பக்கத்து அனுபவசாலிகள் சொல்லும் வழி எளிது. “வண்டி தாரேன், ஆனா ஓட்டுறது நம்ம டிரைவர். அவனுக்குப் பேட்டாவும் சாப்பாடும் உங்க பொறுப்பு” என்று சொல்லி விடுவது. நிஜமாகத் தேவை உள்ளவர் உடனே சம்மதிப்பார். சும்மா ஓட்டிப் பார்க்க வந்தவர் தானாக நழுவி விடுவார்.

கூட்டமாகப் போகிறவர்கள் என்றால் பெர்மிட் உள்ள வேன் ஒன்றைப் பிடித்துக் கொடுத்து, வாடகையில் ஆயிரமோ, இரண்டாயிரமோ நம் பங்காகக் கொடுத்து விடலாம். போகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் இன்சூரன்சு பாதுகாப்போடு போய் வருவார்கள். கோவிலுக்குக் கொடுத்த புண்ணியமும் சேரும்.

இரண்டும் முடியாவிட்டால் ஒரே பதில்தான்: “அண்ணாச்சி, உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க பிள்ளைகளுக்கு இந்த இன்சூரன்சுல சல்லிக்காசு கிடைக்குமான்னு எனக்கே தெரியாது. அதனாலதான் தரல.”

கேட்டவர் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பார். இருக்கட்டும். மூன்றாம் நாள் பேச ஆள் இருக்கிறாரே!